கடைவாய்ப் பல்லும் ஒன்றரைக் கட்டையும்

தேஹு ரோடு
12 ஜூலை 1982

டோரீனுக்கு,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். சுகம் விசாரிக்க என்று நினைத்துக்கொள்ளாதே, அதற்கு இன்னும் எனக்கு மனசு வரவில்லை.

நம் கோயிலில் மணியடிக்கிற டக்ளஸ் நேற்று ஆராதனை முடிந்ததும் என் ஆர்கன் பக்கத்தில் வந்து நின்று அழுதான். நாற்பத்தைந்து வயது ஆள். பல்வலி என்று கேம்பில் உன் கிளினிக்குக்கு வந்தானாம். நீ அவனை நாற்காலியில் மல்லாத்திப் போட்டு, முகத்துக்கு மேலே விளக்கை எரியவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டினாயாம். "கண்ண மூடிக்கிடுங்க டக்ளஸண்ணே, பாட்டக் கேளுங்க, பயம் தெளிஞ்சிரும்" என்றாயாம். அவனும் நம்பி மூடியிருக்கிறான். காதில் கேட்டது என்ன? நான் வாசித்த அடக்கப் பாட்டுகள்!

வேலை நாளில் யாராவது இறந்துபோனால் கல்லறைக்கு வந்து வாசிக்க ராணுவ டிப்போவில் எனக்கு லீவு கிடைப்பதில்லை. அதற்காகத்தான் ஐந்து பாட்டையும் ஆராதனை வரிசைப்படி வாசித்து அந்தக் கேசட்டில் பதிந்து வைத்தேன். வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கும்போது முதல் பாட்டு, குழிக்குள் இறக்கும்போது நாலாவது. அதைக் குழி ஓரத்தில் நின்று டேப் ரெக்கார்டரில் போடுகிறவனே டக்ளஸ்தான். இதுவரை முப்பது அடக்கத்துக்காவது போட்டிருப்பான். நாலாவது பாட்டு ஆரம்பித்ததும், "என்னைய இறக்குதாங்கன்னு நெனச்சுட்டேம்யா" என்று சொல்லிச் சொல்லி அழுகிறான். நீ கழுத்தில் கட்டின துணியோடு பஸ் ஸ்டாப் வரை ஓடியிருக்கிறான்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? இறந்தவர்களை வழியனுப்ப வாசித்ததைப் பல் பிடுங்கப் போடுகிறாயே, உனக்கே நன்றாக இருக்கிறதா? கேசட்டை டக்ளஸ் கையில் கொடுத்தனுப்பு என்று எழுதலாம். அவன் இனி உன் தெருப்பக்கம் வரமாட்டான். தபாலில் அனுப்பு.

இன்பநாதன்

*

கேம்ப், புனே
16 ஜூலை 1982

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் 'அன்புள்ள' போடவில்லை. கவனித்தேன். நான் போடுகிறேன்.

டக்ளஸண்ணன் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை. எட்டு மாதமாக நம் சபை ஆள் ஒருத்தர்கூட என் கிளினிக் படியேறவில்லை அண்ணா. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். வருகிறவர்கள் எல்லாரும் மராட்டிக்காரர்கள், இரானிகள், சிந்திகள். அவர்களுக்கு அது மெதுவாக வாசிக்கிற ஆர்கன், அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் அவருக்கும் பொத்தானை அமுக்கிவிட்டேன். அவர் எழுந்து ஓடினபோது காத்திருந்த ரெண்டு பேரும் பின்னாலேயே ஓடிப்போனார்கள். அதையும் சேர்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கேசட்டைத் தரமாட்டேன். பாக்கியவதி மைனியிடம் கேட்டு வாங்கின நகல், திருடினது இல்லை. ஏன் அது வேண்டும் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாருக்கும் நெஞ்சு படபடக்கும். நான் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணி ஒரு நோட்டில் எழுதுகிறேன். சினிமாப் பாட்டுப் போட்டேன், கூடிப்போயிற்று. ரேடியோ சிதார் போட்டேன், கூடவும் இல்லை குறையவும் இல்லை. உங்கள் ஆர்கன் போட்டேன். ராஸ்தா பேட்டில் ஒரு டீச்சர், ரெண்டு தடவை பாதியில் எழுந்து போனவர், நூற்று நாலு இருந்த நாடி எண்பத்திரண்டுக்கு வந்துவிட்டது. பேக்கரிக்கார இரானிக் கிழவர் வாயைத் திறந்தபடியே தூங்கிவிட்டார். "டாக்டர்பாய், ஓ வாலா பாஜா லகாவ்" என்று அந்த ஆர்கனையே கேட்டு வாங்குகிறார்.

ஏன் அந்தக் கேசட் என்று நீங்கள் கேட்கலாம். அப்பாவை அடக்கம் பண்ணின அன்றைக்கு எனக்கு மூச்சே வரவில்லை. நீங்கள் அன்று லீவு போட்டு நேரில் வாசித்தீர்கள். மூணாவது பாட்டில்தான் என் நெஞ்சு லேசாயிற்று. எனக்கு நடந்தது மற்றவர்களுக்கும் நடக்கட்டும் என்று நினைத்தேன். இதில் என்ன பாவம்?

போன நவம்பரில், கிறிஸ்துமஸ் பிராக்டீஸில், இருபது பேர் முன்னால் ஆர்கனை நிறுத்திவிட்டு, "டோரீன், நீ வெளியே உக்காரு, சுதியக் கெடுக்கே" என்று சொன்னீர்களே, அது பாவம்.

டோரீன்

*

தேஹு ரோடு
22 ஜூலை 1982

அன்புள்ள டோரீனுக்கு,

போட்டுவிட்டேன், போதுமா?

நவம்பர் விஷயம். நீ என் தங்கை என்பதால் விட்டுவிட்டு, அடுத்த பெண்ணை மட்டும் திருத்தினால் ஊர் என்ன சொல்லும்? பதினெட்டு வருஷமாகப் பாடகர் குழுவை நடத்துகிறேன். அந்தப் பாட்டில் மூன்றாவது வரி மேலே ஏறுகிற இடத்தில் நீ ஒவ்வொரு தடவையும் இறங்குவாய். உன் பக்கத்தில் நிற்கிற நாலு பேரும் உன்னோடு இறங்குவார்கள். நான் ஆர்கனில் தனியாக மேலே நிற்பேன். மூன்று வாரம் ஜாடையாகச் சொன்னேன். நீ கேட்கவில்லை. வாய்விட்டுச் சொன்னேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டாய். அன்றையிலிருந்து சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. உனக்குப் பதினாலு வயது மூத்தவன் நான், நான்தான் இறங்கி வரவேண்டுமா?

கேசட்டை இப்போதைக்கு வைத்துக்கொள். நம் ஆட்களுக்கு மட்டும் போட்டுத் தொலைக்காதே.

ஒரு சந்தேகம். அந்த டீச்சருக்கு நாடி குறைந்தது எந்தப் பாட்டில்? இரண்டாவதா, மூன்றாவதா? மூன்றாவதில் நடுவே ஒரு இடத்தில் எனக்கு விரல் பிசகியது. அது கேட்கிறதா என்று பார்த்துச் சொல்.

பாக்கியவதி உன்னை விசாரித்தாள். எனக்கு வயிறு சரியில்லை, பத்து நாளாகக் கஞ்சிதான். மற்றபடி சுகம்.

இன்பநாதன்

*

கேம்ப், புனே
2 ஆகஸ்ட் 1982

அன்புள்ள அண்ணனுக்கு,

வயிறா சரியில்லை? என்னிடமே பொய்யா?

டக்ளஸண்ணன் மழையில் நனைந்துகொண்டு இன்று மறுபடியும் வந்தார். வலி தாங்கவில்லையாம். "எம்மா, பாட்டுப் பெட்டியில எதையும் போட்றாத, நீயே பேசிக்கிட்டு இரு" என்றார். நானும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே பல்லை எடுத்துவிட்டேன். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னது இது:

"அண்ணன் ஒரு மாசமா எடது கன்னத்தப் பிடிச்சுக்கிட்டுல்லா இருக்காரு. போன ஞாயித்துக்கிழமை ஒத்தக் கையால ஆர்கன் வாசிச்சாரு. கிராம்ப வாய்க்குள்ள அமுக்கி வச்சுக்கிட்டு வாறாரு, கோயிலே மணக்கி."

உங்கள் தங்கச்சி பல் டாக்டர். பாம்பேயில் போய் நாலு வருஷம் படித்தவள். நீங்கள் கிராம்பை வைத்துக்கொண்டு கஞ்சி குடிக்கிறீர்கள். வெளியில் தெரிந்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

விளையாட்டை விடுங்கள். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பல்லடியில் சீழ் பிடித்தால் சீக்கிரம் பரவும். என் மேல் கோபம் என்றால் வேறு டாக்டரிடமாவது போங்கள், நான் பெயர் தருகிறேன். என்னிடம் வருவதென்றால் சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு வாருங்கள். அடக்கப் பாட்டுப் போடமாட்டேன். நல்ல வயலின் கேசட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், சீமைச் சரக்கு.

விரல் பிசகினது எனக்குக் கேட்கவில்லை. உங்களைத் தவிர யாருக்கும் கேட்காது.

டோரீன்

*

தேஹு ரோடு
9 ஆகஸ்ட் 1982

அன்புள்ள டோரீனுக்கு,

சனிக்கிழமை நான் நடந்துகொண்டது எனக்கே வெட்கமாக இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் டக்ளஸைப் போல ஓடினேன். ஆனால் காரணம் இருக்கிறது, கேள்.

நீ ஹெட்போனை மாட்டினதும் வயலின் வந்தது. நல்ல வாசிப்பு. ஆனால் உன் மிஷினில் பெல்ட் தளர்ந்திருக்கிறது. பாட்டு அரைக்கட்டை குறைந்து ஓடுகிறது. மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டதே! வயலின் இருக்கவேண்டிய இடம் எது, இருக்கிற இடம் எது என்று மனசு அங்கேயும் இங்கேயும் அலைகிறது. அப்போது நீ ட்ரில்லை ஓட்டினாய். அது சும்மா சுற்றும்போது ஒரு சுதியில் கூவுகிறது. பல்லில் பட்டதும் கீழே வழுக்குகிறது, எடுத்தால் மறுபடி மேலே ஏறுகிறது. வயலின் ஒரு பக்கம், ட்ரில் ஒரு பக்கம். ரெண்டும் சேரவில்லை. என் தலைக்குள் அரிவாளால் தகரத்தைச் சுரண்டின மாதிரி இருந்தது. வலிகூட இல்லை டோரீன், நீ போட்ட ஊசியில் மரத்துத்தான் இருந்தது. அந்தச் சத்தத்தில்தான் எழுந்துவிட்டேன்.

உன் வைத்தியம் சங்கீதம் தெரியாதவர்களுக்கு. எனக்குச் சரிப்படாது. கிராம்புக்கே வலி கேட்கிறது. விட்டுவிடு.

இன்பநாதன்

*

கேம்ப், புனே
11 ஆகஸ்ட் 1982

அண்ணனுக்கு,

ஒரு கன்டோன்மென்ட்டுக்கே நிம்மதி கொடுக்கிற மிஷின், உங்களுக்கு மட்டும் அரைக்கட்டை குறைகிறதாக்கும்! கோபத்தில் ஒரு நாள் முழுக்க எழுதவில்லை.

இப்போது டாக்டராக எழுதுகிறேன். சனிக்கிழமை உங்கள் தாடைக்கு அடியில் விரல் வைத்துப் பார்த்தேன், நினைவிருக்கிறதா? வீக்கம் கீழே இறங்க ஆரம்பித்திருக்கிறது. அது கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுக்குழாயை அமுக்கும். படிக்கிற காலத்தில் அப்படி ஒருவரைப் பார்த்தேன். சாயங்காலம் நடந்து வந்தவர், விடியும்போது இல்லை. அவருக்கும் சர்க்கரைதான். உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

டக்ளஸண்ணன் கையில் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வேளை தவறாமல் போடுங்கள். எப்போது போடவேண்டும் என்று மைனிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, வாய் ரெண்டு விரல் அளவுக்குத் திறக்கவில்லை என்றாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இல்லையென்றால், மாத்திரையில் வீக்கம் கொஞ்சம் அடங்கியதும், இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு என் நாற்காலியில் இருக்கவேண்டும். ட்ரில் கிடையாது, ஹெட்போன் கிடையாது. ஊசி போட்டுக் குறடால் எடுத்துவிடுகிறேன். வரவில்லை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு தேஹு ரோடுக்கு வந்து, டிப்போ வாசலில் வைத்து உங்கள் வாயைத் திறப்பேன்.

எட்டு மாதம் பேசாமல் இருந்தேன். அதற்காக நீங்கள் இல்லாமல் போகலாம் என்று அர்த்தம் இல்லை.

டோரீன்

*

தேஹு ரோடு
22 ஆகஸ்ட் 1982

அன்புள்ள டோரீனுக்கு,

பல் இருந்த இடத்தில் நாக்கு போய்ப் போய்ப் பார்க்கிறது. வீக்கம் வடிந்துவிட்டது. நேற்று ஒரு மாதத்துக்குப் பிறகு சோறு சாப்பிட்டேன். பாக்கியவதி தட்டைப் பார்த்து அழுதாள். அவள் இவ்வளவு பயந்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை நடந்ததைப் பற்றி எழுதவேண்டும். அங்கே வாயில் பஞ்சு இருந்தது, பேச முடியவில்லை. பஞ்சு இல்லாவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன்.

வேர் கொக்கி போல வளைந்திருக்கிறது, நேரமாகும் என்றாய். நான் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தேன். அப்போது நீ பாட ஆரம்பித்தாய், வாய்க்குள்ளேயே. அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டு! எந்தப் பாட்டில் உன்னை வெளியே உட்காரச் சொன்னேனோ அதே பாட்டு. எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. வேண்டுமென்றே செய்கிறாள், வாயைத் திறந்து வைத்துவிட்டுப் பழி வாங்குகிறாள் என்று நினைத்தேன். சரி, மூன்றாவது வரி வரட்டும், விழுவாள் என்று காத்திருந்தேன்.

நீ விழவில்லை.

அடுத்த சரணத்தில் விழுவாள் என்று பார்த்தேன். விழவில்லை. மூன்றாவது சரணத்தில் குறடு வழுக்கி மறுபடி பிடித்தாய், அப்போதுகூடச் சுதி அசையவில்லை. பாட்டு முடிந்ததும் முதலிலிருந்து எடுத்தாய், திரும்பத் திரும்ப. மறுபடி ஒரு மூன்றாவது வரிக்காகக் காத்திருக்கும்போது தட்டில் டங்கென்று சத்தம் கேட்டது. அது என் பல். நாற்பது நிமிஷம் ஆயிற்று என்றாய். எனக்கு ஒரு பாட்டு நேரம் மாதிரிதான் இருந்தது. பயப்பட எனக்கு நேரமே இல்லை டோரீன், உன்னைப் பிழை பிடிப்பதிலேயே இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கோயிலைத் திறந்து ஆர்கனில் உட்கார்ந்தேன். நீ எடுத்த சுதியைத் தேடினேன். நான் வாசிக்கிறதைவிட ஒன்றரைக் கட்டை குறைவு. பாட்டுப் புத்தகத்தில் அச்சடித்திருப்பது எதுவோ அதைத்தான் நான் பதினெட்டு வருஷமாக வாசிக்கிறேன். சின்னப் பெண்களுக்கு எட்டும். உன் குரலுக்கு எட்டாது. எட்டாத உயரத்தில் ஆணியடித்து வைத்துவிட்டு, நீ எட்டவில்லை என்று எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறேன். உனக்குச் சுதி சரியாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் புத்தகத்தைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

என்னை மன்னித்துவிடு. இதை எழுதுவது பல் எடுப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

ஆனாலும் நீ கெட்டிக்காரி. பாட்டுக் கேட்டால் பிழை பிடிக்கிறவனுக்குப் பிழை பிடிக்கவே ஒரு பாட்டுக் கொடுத்து உட்கார வைத்துவிட்டாயே! இந்தத் தந்திரத்தை எங்கே படித்தாய்?

அன்பு அண்ணன்
இன்பநாதன்

*

கேம்ப், புனே
26 ஆகஸ்ட் 1982

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ரெண்டு பேஷண்டுக்கு நடுவே படித்தேன். மூணாவது பேஷண்டைக் கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டேன். முகம் கழுவவேண்டி இருந்தது.

தந்திரம் ஒன்றும் இல்லை அண்ணா. உங்களுக்காக நான் பாடவே இல்லை.

எத்தனையோ வாய்க்குள் கையை விட்டிருக்கிறேன், ஒரு நாளும் என் கை நடுங்கினதில்லை. வெள்ளிக்கிழமை குறடை எடுத்தேன், கை ஆடியது. அண்ணன் வாய். உள்ளே சீழ். ரத்தத்தில் சர்க்கரை. வேர் உடைந்து உள்ளே நின்றுவிட்டால்? ரத்தம் நிற்காமல் போனால்? அப்பாவும் இல்லை, உங்களையும் என் கையாலேயே ஏதாவது பண்ணிவிட்டேன் என்றால் நான் எங்கே போய் நிற்பேன்? மைனி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாங்க. அவங்க முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

ஹெட்போனை நானே மாட்டிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் பாடினேன். பாடினால் என் மூச்சு சீராகும், மூச்சு சீரானால் கை நிற்கும். எந்தப் பாட்டு, எந்தச் சுதி என்றெல்லாம் யோசிக்கவில்லை. வாய்க்கு வந்தது. நீங்கள் கேட்கிறீர்கள் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

எல்லாரும் அழகாகப் பாடத்தான் சனிக்கிழமை தோறும் பிராக்டீஸுக்கு வருகிறார்கள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நான் அதற்கு வரவில்லை. வாரம் பூராவும் அடுத்தவர்கள் பயத்தை என் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதைக் கீழே வைக்க எனக்கு இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதைத்தான் நீங்கள் வெளியே உட்காரச் சொன்னீர்கள்.

மன்னிக்க என்ன இருக்கிறது. போதும். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

டோரீன்

*

(தபால் கார்டு)

தேஹு ரோடு
30 ஆகஸ்ட் 1982

டோரீனுக்கு,

மாத்திரை நேற்றோடு தீர்ந்தது. நீ எழுதினதை மூன்று தடவை படித்தேன்.

சனிக்கிழமை பிராக்டீஸில் எல்லாப் பாட்டையும் ஒன்றரைக் கட்டை குறைத்து வாசித்தேன். ஆம்பிளைகள் அடிக்குரல் எட்டாமல் உறுமினார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதியில் டக்ளஸே கேட்டுவிட்டான், "என்னண்ணே, எதுக்கு இப்பிடிக் கொறச்சு வாசிக்கிய?"

"எந் தங்கச்சி வாரா" என்றேன்.

இன்பநாதன்